பள்ளியாடி கழிஞ்சாச்சு

என் அன்பு ஸ்டெல்லா,

நம் கோயில் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி அஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் வண்டி நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. தினமும் சாயங்காலம் ஸ்டேஷனில் பார்க்கப் போகிறவளுக்கு என்னத்தை எழுதுவது? இப்போது சாயங்காலங்கள் சும்மா கிடக்கின்றன. அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் லைனில் இரண்டாம் பாதை வேலை நடக்கிறது. இரணியல் பக்கம் செம்மண் மேட்டை வெட்டி அகலமாக்கியிருக்கிறார்கள். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்பாயே, அந்த மண்சுவர் இப்போது எங்கேயோ தள்ளி நிற்கிறது. நீ பார்த்திருந்தால் திட்டியிருப்பாய். அந்தப் பழைய ஒற்றைப் பாதை இனி நம் வீட்டு மாடியில் மட்டும்தான் இருக்கும்.

மாடி ரயில் என்றால் படிக்கிறவர்களுக்கு விளங்காது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ திருவனந்தபுரத்தில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றாய். அத்தனை வருடமும் காலையில் இரணியலில் ரயில் ஏறி, சாயங்காலப் பாசஞ்சரில் திரும்பி வந்தாய். நானோ நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டினேன். டிரைவர் அந்தோணியின் பெண்டாட்டி அவன் பஸ்ஸில் ஏற மாட்டாள் என்று ஊரே சிரித்தது. "உங்க பஸ்ஸுல ஏறினா மார்த்தாண்டம் கழியதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்டு ஆயிரும்" என்பாய். நானும் விடமாட்டேன். "ரயில் டிரைவருக்கு ஸ்டியரிங்கே கெடையாது. அவனும் ஒரு டிரைவராட்டி?" என்று கேட்பேன். இதைச் சொல்லியே நாம் முப்பது வருடம் சண்டை போட்டிருப்போம்.

பாசஞ்சர் பள்ளியாடியில் நின்று புறப்பட்டதும் நீ போன் பண்ணுவாய். இரணியலுக்கு முந்தின ஸ்டேஷன் அது. "பள்ளியாடி கழிஞ்சாச்சு." பள்ளியாடி தாண்டியாயிற்று, அவ்வளவுதான் பேச்சு. ஹலோ கிடையாது, வைக்கட்டுமா கிடையாது. நான் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுப்பேன். நீ படியிறங்கி வெளியே வரும்போது நான் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். எனக்குச் சாயங்கால டூட்டி விழுந்த வாரங்களில் நீ ஆட்டோவில்தான் போவாய், ஆனாலும் போன் வரும். ஸ்டியரிங்கில் கை இருப்பதால் கண்டக்டர்தான் எடுப்பார். "அண்ணே, அக்கா பள்ளியாடி கழிஞ்சாச்சாம்!" என்று பின்னாலிருந்து கத்துவார். பஸ் முழுக்கச் சிரிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் அந்தப் போன் வராத நாளில் கியர் சரியாக விழாது.

ஓய்வு பெற்ற பிறகு உனக்குச் சாயங்காலமானால் இருப்புக் கொள்ளவில்லை. நீ போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தாய். ஒரு நாள் அந்தப் போனிலேயே ஒரு வீடியோவைக் காட்டினாய். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டு அறைக்குள் மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் செய்து குட்டி ரயில் விட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க. இத மாதிரி எனக்க லைன நான் செய்யப் போறேன்."

"சின்னப் பிள்ளியளுக்க வெளயாட்டுல்லா இது?"

"வெளயாட்டு ரயிலுன்னா வட்டமா சுத்தும். இது குழித்துறையில இருந்து இரணியலுக்கு வரும்" என்றாய்.

அப்படித்தான் மாடி ஹாலில் மேஜை நீண்டது. குழித்துறை ஆற்றுப் பாலத்தில் தொடங்கி, குழித்துறை ஸ்டேஷன், பள்ளியாடி, அந்தச் செம்மண் வெட்டு, கடைசியில் இரணியல். எல்லாம் அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஒரு ஆள் என்றால் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் உயரம். எஞ்சினும் நீலப் பெட்டிகளும் கோயம்புத்தூரில் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கியவை. மற்றதெல்லாம் உன் கைவேலை. லைனுக்கு மேலே மின்கம்பி வராத காலத்தைத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தாய். டீசல் எஞ்சின் புகை விட்டுக்கொண்டு வந்த காலம்தான் உன்னுடைய காலம் என்றாய்.

பாலத்தைப் படமெடுக்க என் ஸ்கூட்டரில்தான் வந்தாய். இரணியல் பிளாட்பாரத்தைச் சேலை முந்தானையால் முழம் போட்டு அளந்தாயே, போர்ட்டர் வந்து "என்னம்மா தொலஞ்சு போச்சு?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? ரப்பர் தோட்டத்துக்கு முற்றிய பீர்க்கங்காயின் நார்க்கூட்டைப் பொடித்துப் பச்சைச் சாயம் ஏற்றினாய். அந்த வருடம் நம் வீட்டில் பீர்க்கங்காய்க் கறியே கிடையாது. காய்த்ததெல்லாம் முற்றி மரமாகப் போய்விட்டது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், தங்கள் வீட்டை மட்டும் ஏன் வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். லைன் ஓரத்தில் அவர் வீடு இல்லையே, நீ என்ன செய்வாய்?

இரணியல் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வைத்து, பக்கத்தில் என்னை நிறுத்தினாய். எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு, என் வயிறு மட்டும் அசல் அளவு. "நீ எங்கட்டி?" என்று கேட்டேன். பிளாட்பாரத்தில் கடலைக்காரர் இருந்தார், மீன்கூடையோடு ஒரு பெண் இருந்தாள், நீ இல்லை.

"நான் வண்டிக்குள்ள இருக்கேன்லா" என்றாய்.

நான் அதைப் பேச்சுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இனி மண் கதை. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி வேண்டுமே. பாலத்திலிருந்து பள்ளியாடி வரைக்கும் பாறைப்பொடியைத் தேயிலை வடிகட்டியில் சலித்துப் போட்டாய். அதற்கப்புறம், பள்ளியாடியிலிருந்து இரணியல் வரைக்கும், உன் பிறந்த ஊர் மணலைப் போட்டாய். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணல். வெயிலில் மினுங்கும் அது. அசல் லைனில் கிடப்பது சாம்பல் நிற ஜல்லி, நீ போடுவது கறுப்பாக இருக்கிறதே என்று சொன்னேன். எல்லாவற்றையும் முழம் போட்டு அளந்தவள் இதில் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"எங்க ஊருக்கு ரயிலு வரல்ல, இனியும் வராது. எங்க ஊரு மண்ணாவது ரயிலுக்கு அடியில கெடக்கட்டு" என்றாய்.

பெயின்ட் பிரஷ்ஷால் மணலைத் தூவி, பசையைத் தண்ணீரில் கலக்கி, மருந்து விடும் சொட்டுக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டாய். அப்போதே உனக்கு வயிற்றுவலி தொடங்கியிருந்தது. சொட்டு விடுவாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவாய், மறுபடி எழுந்து சொட்டு விடுவாய். கடைசிச் சாணைப் போட்டு முடித்த அன்றுதான் திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்குப் போனோம். "பசை காயட்டு. வந்து ஓட்டிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாய். அதுவரைக்கும் உன் வண்டி பாலத்திலிருந்து பள்ளியாடிக்குத்தான் போய்ப் போய் வந்திருந்தது. பள்ளியாடியைக் கடந்து வீட்டுக்கு வந்ததில்லை.

நீயும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம் மருந்து மயக்கத்திலிருந்து கண்ணைத் திறந்தாய். "மணி என்னாச்சு? வண்டி பள்ளியாடி கழிஞ்சாச்சா?" என்று கேட்டாய். "கழிஞ்சாச்சு" என்றேன். "பொறவு இங்க என்ன இருக்கிய? ஸ்கூட்டர எடுங்க" என்று அதட்டினாய். அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் எனக்கு விளங்கவில்லை. உன்னை நான் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தேன். ரோடு வழியாக. இத்தனை வருடம் என் ரோட்டைப் பழித்தவள், களியக்காவிளையும் மார்த்தாண்டமும் தாண்டி ஒரு வார்த்தை பேசாமல் வந்தாய்.

கல்லறைத் திருநாள் வரைக்கும் நான் மாடிக்கு ஏறவில்லை. அன்றைக்கு உன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த கையோடு ஏறினேன். மேஜை முழுக்கத் தூசி. துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். வண்டி பாலத்தைத் தாண்டியது, குழித்துறையில் நின்றது, பள்ளியாடியில் நின்றது. அங்கிருந்து புறப்பட்டு, செம்மண் வெட்டுக்குள் நுழையும் இடத்தில் திக்கித் திணறி நின்றுவிட்டது. குமிழை முழுக்கத் திருகினாலும் நகரவில்லை. எஞ்சின் உர் என்று முனகியது.

வண்டி நடுவழியில் நின்றால் டிரைவருக்குக் கேவலம். அது உனக்குத் தெரியும். மழைக்காலத்தில்கூட நான் பஸ்ஸை வழியில் போட்டுவிட்டு வந்தவன் இல்லை. தண்டவாளத்தைத் துணியால் துடைத்தேன். வயர் எல்லாவற்றையும் மாற்றினேன். எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தேன், அடியெல்லாம் கறுப்பாகப் பிசுக்கு. இத்தனை காலம் பஸ்ஸுக்கு அடியில் பார்த்துப் பழகிய கண், அது ஆயில் பிசுக்கு என்றுதான் எனக்குச் சொன்னது. துடைத்து இன்னும் ரெண்டு சொட்டு ஆயில் விட்டேன். ஓடியது. மறுபடி அதே இடத்தில் நின்றது. கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். உள்ளே தூசி இருந்ததாகவும் சுத்தம் செய்துவிட்டதாகவும் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. மணல் உதிர்ந்து சக்கரத்தில் மாட்டுகிறதோ என்று மேலே இன்னொரு தடவை பசை விட்டேன். அதற்கும் மசியவில்லை.

"சவம், எத்தன தரம் நிப்ப?" என்று அதைத் திட்டுவேன். திட்டிவிட்டு அழுவேன். இது வேறு யாருக்கும் தெரியாது, இப்போது பத்திரிகையில் போடுவதால் எல்லோருக்கும் தெரியட்டும்.

உன் ஆண்டுப் பூசைக்குப் பிரின்சி குவைத்திலிருந்து லீவு போட்டு வந்தாள். நம் மகள் இப்போது அங்கே தலைமை நர்ஸ், அதை உன்னிடம் சொல்ல வேண்டும். உன் அண்ணன் வின்சென்ட் மச்சானும் மணவாளக்குறிச்சியிலிருந்து வந்திருந்தார். பூசை முடிந்து, சாப்பிட்டு, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். நான் வண்டியை விட்டுக் காட்டினேன். அது வழக்கம்போலச் செம்மண் வெட்டில் நின்றது.

மச்சான் எஞ்சினை எடுத்துக் கவிழ்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் பிசுக்கை விரலில் எடுத்துத் தேய்த்தார்.

"மாப்ள, இது ஆயிலு பிசுக்கு இல்ல. இது எங்க ஊரு மண்ணுல்லா."

"அது லைன்ல இருந்து ஒட்டினதா இருக்கும்."

"ஒட்டல்ல மாப்ள. இழுத்திருக்கு. இதுக்குள்ள மோட்டாரு இருக்குல்லா? மோட்டாருன்னா காந்தம் இருக்கும்லா?"

என்னை ஒரு காந்தம் எடுத்துவரச் சொன்னார். நம் வீட்டில் காந்தம் எங்கே இருக்கிறது? பிரின்சி கீழே போய், பிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவைத்திருந்த, பின்னால் காந்தம் வைத்த மாதா படத்தைக் கழற்றி எடுத்து வந்தாள். மச்சான் அதைத் தண்டவாளத்துக்கு மேலே மெதுவாகப் பிடித்துக்கொண்டு போனார். பசை விட்ட மணலிலிருந்து பொடிப்பொடியாகக் கறுப்பு எழும்பி மாதாவின் படத்துக்குப் பின்னால் போய்த் தொங்கியது.

"சின்னதுல இவளும் நானும் பழைய ஸ்பீக்கர் காந்தத்த நூலுல கெட்டி கடப்புறத்துல இழுத்துட்டு நடப்போம். தாடி மாதிரி ஒட்டிட்டு வரும். அந்தத் தாடிய மூஞ்சில வச்சிட்டு அப்பன மாதிரி பேசிக் காட்டுவா" என்றார் மச்சான். சிரிக்கத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது மூக்கை உறிஞ்சினார்.

உனக்குத் தெரிந்திருக்கிறது, ஸ்டெல்லா. மணவாளக்குறிச்சியில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டாம், அந்த மண் காந்தத்தில் ஒட்டும் என்று. எஞ்சினுக்குள் காந்தம் இருக்கும் என்று நீ யோசிக்கவில்லையா? அல்லது யோசித்தும், என்ன ஆனாலும் என் ஊர் மண்தான் வேண்டும் என்று போட்டாயா? கேட்க ஆள் இல்லை.

"சொரண்டி எடுத்துருவோம். வேற பொடி போட்டா வண்டி ஓடும்" என்றேன்.

பிரின்சி எழுந்து மேஜைக்குக் குறுக்கே நின்றாள். "தொடப்பிடாது. அம்மைக்க கை பட்ட மண்ணு அது."

"வண்டின்னா ஓடணும்லா மக்ளே. அவ ஓட்டிப் பாக்கத்தான செஞ்சா."

"ஓடாட்டா போட்டும். பாருங்க, இது அம்மைக்க விரலு." குனிந்து காட்டினாள். இரணியல் சிக்னலுக்குப் பக்கத்தில், காயாத பசையில் நீ விரல் வைத்து அழுத்தியிருக்கிறாய். உன் ரேகை அப்படியே கிடந்தது. நான் அதுவரைக்கும் அதைப் பார்த்ததில்லை. "நீங்க டிரைவரா பேசாதீங்கப்பா. அம்மைக்க மாப்பிள்ளையா பேசுங்க."

வீட்டில் உன் கை பட்டது என்று வேறென்ன மிச்சம் இருக்கிறது? சேலைகளைக் கொடுத்துவிட்டோம். நீ போட்ட ஊறுகாய் தீர்ந்துவிட்டது. வயிறு வலிக்க வலிக்க நீ சொட்டு விட்ட மண் அது. அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க என் கையும் வராதுதான். ஆனால் உன் வண்டி இரணியலுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டவளும் நீதானே? எதைக் காப்பாற்றுவது? நீ செய்ததையா, நீ கேட்டதையா? மண்ணைத் தொடாமலே மூன்று பேரும் கீழே இறங்கினோம்.

மறுநாள் காலையில் பிரின்சி மட்டும் மாடிக்குப் போனாள். பெட்டிகளிலாவது தூசி தட்டி வைப்போம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கியிருக்கிறாள். "அப்பா!" என்று அவள் கூப்பிட்ட குரலைக் கேட்டு, அடுப்பில் இருந்த சாயாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

பெண்கள் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். "உள்ள பாருங்க."

மூன்றாவது ஜன்னலில் நீ இருந்தாய். பச்சைச் சேலை. மடியில் சாப்பாட்டுப் பை, அதற்குச் சிவப்புப் பெயின்ட்கூட அடித்திருக்கிறாய். முகத்தைப் பிளாட்பாரம் வரும் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாய். ஒரு கை காதில்.

"அம்மை போன் பண்ணுதா அப்பா" என்றாள் பிரின்சி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாக அந்தப் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஜன்னலுக்குள் பார்க்கவில்லை. நீ சொன்னாய்தானே, நான் வண்டிக்குள் இருக்கிறேன் என்று.

பிரின்சி பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். செம்மண் வெட்டைப் பார்த்தாள், ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கும் என்னைப் பார்த்தாள்.

"அம்மை இத்தன நாளும் நடுவழியில நிக்காப்பா. போன் பண்ணிட்டு, நீங்க வந்து நிப்பியன்னு பாத்துட்டு இருக்கா." கண்ணைத் துடைத்தாள். "எடுங்கப்பா அந்த மண்ண. நானும் கூட இருக்கேன்."

மண்ணை எடுக்கும் வேலை இரண்டு நாள் நடந்தது. வெந்நீரைச் சொட்டுக்குழாயால் விட்டுப் பசையை இளக்கினோம். நீ விட்ட அதே சொட்டுக்குழாய். பிரின்சி ஊசி போடும் கைக்காரி, அவள்தான் நோகாமல் எடுத்தாள். நான் சுரண்டினால் தண்டவாளமும் கூட வந்துவிடும் என்று என்னை அண்டவிடவில்லை. எடுத்த மணல் ஒரு தட்டில் காய்ந்தது. உன் ரேகை பதிந்த துண்டை மட்டும் பிளேடால் அடியோடு பெயர்த்து, உடையாமல் எடுத்துத் தனியாக வைத்தாள். வேறு பொடிக்கு நாங்கள் அலையவில்லை. நீ சலித்த பாறைப்பொடி ஊறுகாய் பாட்டிலில் மிச்சம் இருந்தது. மச்சான் அதன்மேல் மாதாவைப் பிடித்து ஒட்டவில்லை என்று பார்த்த பிறகுதான் போடவிட்டார்.

அந்த மணலை என்ன செய்வது என்று கேட்டபோது பிரின்சி கடற்கரையிலேயே கொண்டுபோய் விடலாம் என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரணியல் ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது, அதன் முன்னால் வெறும் மரப்பலகை. ரயில் வேலையில் நீ ரோட்டை மறந்துவிட்டாய். அல்லது அதை எனக்கென்று விட்டுவைத்தாயோ என்னவோ. ஸ்கூட்டர் எதில் போகும்?

நான் ரோடு போட்டேன், ஸ்டெல்லா. ஸ்டேஷன் வாசலிலிருந்து திங்கள்சந்தை வழியாக நம் வீட்டு முக்கு வரைக்கும், அங்கிருந்து மேஜையின் விளிம்பு வரைக்கும் மணவாளக்குறிச்சி ரோடு. உன் ஊர் மணலைத் தூவிப் பசை விட்டால் புதுத் தார் ரோடு தோற்றுவிடும், அப்படிக் கறுப்பு. இந்த ரோட்டில் நிற்கும் பொம்மை வண்டிக்கு மோட்டார் கிடையாது, அதனால் எத்தனை மண் இருந்தாலும் இழுக்காது. உன் விரல் பதிந்த துண்டை நம் வீட்டு முக்கில், ஸ்கூட்டர் திரும்பும் வளைவில் வைத்தோம். மச்சான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து அதைப் பார்த்தார். "எங்க ஊருக்கு இப்ப ரயிலடியில இருந்து நேரா ரோடு இருக்கு மாப்ள" என்றார்.

பிரின்சி குவைத்துக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம், பாசஞ்சர் வரும் நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டேன். மச்சானும் வந்திருந்தார். வண்டி பாலத்தைத் தாண்டியது. குழித்துறையில் நிறுத்தி எடுத்தேன். பள்ளியாடியில் நிறுத்தினேன். அங்கிருந்து எடுக்கும் முன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தேன். களியக்காவிளை முக்கில் எத்தனையோ லாரிக்கு நடுவே பஸ்ஸைத் திருப்பியவன், ஒரு குமிழைத் திருக அத்தனை நேரம் எடுத்துக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தது. பிரின்சி எனக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"பள்ளியாடி கழிஞ்சாச்சு."

என் இடது கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் ஸ்கூட்டர் சாவியைத் தேடியது.

செம்மண் வெட்டுக்குள் நுழைந்தது. எப்போதும் நிற்கும் இடத்தைத் தாண்டியது. சிக்னலைத் தாண்டியது. பிளாட்பாரத்துக்குள் வந்தது. பெண்கள் பெட்டியின் மூன்றாவது ஜன்னல் என் ஸ்கூட்டருக்கு நேரே வரும்படி நிறுத்தினேன். ஒரு நூல் முன்னே பின்னே இல்லை. ஸ்டியரிங் இல்லாவிட்டாலும் டிரைவர் டிரைவர்தான்.

அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த இடத்தில் நீ படியிறங்குவாய். சாப்பாட்டுப் பையை என் ஹேண்டில்பாரில் மாட்டுவாய். "எம்மா, என்ன கூட்டம்" என்பாய். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டி வந்துவிட்டது, நீ இறங்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு நீ செத்துப்போனது உறைத்தது. ஆஸ்பத்திரியில் இல்லை, கல்லறையில் இல்லை. இரணியல் ஸ்டேஷனில், வண்டி சரியாக வந்து நின்ற பிறகு.

பிரின்சி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். மச்சான் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

இப்போது அவள் குவைத்தில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் அவள் போன் வரும். ஹலோ சொல்வதில்லை. "அப்பா, பள்ளியாடி கழிஞ்சாச்சா?" என்றுதான் கேட்கிறாள். நான் மாடியில்தான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வெளியே இரண்டு பாதை வரட்டும், நாலு பாதை வரட்டும், உன் ஒற்றைப் பாதையை நான் துடைத்து வைப்பேன். உன்னை நடுவழியில் நிற்க விடமாட்டேன். மழையோ, முட்டுவலியோ, சாயங்காலமானால் மாடி ஏறி உன் வண்டியைக் கொண்டுவந்து ஸ்கூட்டருக்கு நேரே நிறுத்துவேன். நீ இறங்க வேண்டாம், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தால் போதும். என் காலும் கையும் ஓயும் நாளில் நான் அந்தக் கறுப்பு ரோட்டில் வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன். அதுவரைக்கும் காதிலிருந்து கையை எடுத்துவிடாதே.

ஸ்டேஷன் வாசலில், ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கும்
உன் வீட்டுக்காரன்,
பிரின்சியின் அப்பா,
டிரைவர் அந்தோணி